"ரன்" என்றால் ஓடுவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனை, களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓ.எல்., ஏ.எல். இங்கிலீஸ் படிப்பிக்கிறேன். எந்த வகுப்பென்றாலும் ஒரு வினைச்சொல்லைப் பற்றிய சந்தேகம் மட்டும் தீர்வதே இல்லை. அது ரன். பிள்ளைகள் கேட்பார்கள், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் கேட்பார்கள், நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களும் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன். வீட்டில் உள்ள எல்லோரும் வாசிக்கவேண்டும் என்பதற்காக ஆங்கில வசனங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன.

மிஸ், ரன் எண்டா ஓடுறதுதானே? இதுல கேக்க என்ன இருக்கு?

ஓடுவதுதான். "த பாய் ரன்ஸ் டு ஸ்கூல்" என்றால் பொடியன் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறான். ஆனால் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எடுத்து ரன் வரும் இடங்களைக் கோடு போட்டுப் பாருங்கள். காலால் ஓடுகிற ரன் கொஞ்சம்தான் இருக்கும். பஸ் ரன் ஆகிறது, கடையை ஒருவர் ரன் பண்ணுகிறார், குழாய்த் தண்ணீர் ரன் ஆகிறது, கொம்பியூட்டரில் புரோகிராம் ரன் ஆகிறது, ஒருவர் ஜனாதிபதித் தேர்தலுக்கு ரன் பண்ணுகிறார்.

இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நாங்களும் "மூக்கு ஓடுது", "படம் நல்லா ஓடுது", "கடை ஓடுதா?" என்றுதானே கதைக்கிறோம். ஓடு என்ற சொல்லை இவ்வளவு தூரம் இழுத்துப் பழகிய ஆட்களுக்கு ரன் பாதி தெரிந்த சொல். மற்றப் பாதியில்தான் புள்ளி போகிறது.

இந்த ஒரு சொல்லுக்கு 645 அர்த்தம் எண்டு யூடியூப்ல சொன்னாங்க. உண்மையா, இல்லாட்டி சும்மாவா?

உண்மைதான். ஆனால் யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. அதில் மிக நீளமான பதிவு செட் என்ற வினைச்சொல்லுக்கு. ஏறத்தாழ 430 பொருள்கள். பிறகு மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது 2000இல் மேக் அதை முந்தியது, 2007இல் புட் முந்தியது, 2011இல் ரன் 645 பொருள்களோடு எல்லாவற்றையும் தாண்டியது. பீற்றர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் வேலை செய்தார். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு மனிதனின் ஒன்பது மாதம்! அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அந்த அகராதி சொல்லின் வரலாறு முழுவதையும் எழுதுகிற அகராதி. நூற்றுக்கணக்கான வருடங்களுக்கு முன் வழக்கொழிந்த பொருளும் அதில் இருக்கும். ஆறு ரன் ஆவது ஒரு பொருள், மூக்கு ரன் ஆவது இன்னொரு பொருள், மெழுகுதிரி உருகி வழிவது வேறொன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் எங்கள் ஓடுவுக்கும் நீளமான பட்டியல் வரும்.

அப்ப அத்தனையையும் பாடமாக்கணுமா? பரீட்சைக்கு எத்தினை காணும்?

ஒன்றையும் பாடமாக்க வேண்டாம். பட்டியல் பாடமாக்கிய பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் பட்டியல்தான் ஞாபகம் வரும், வசனம் விளங்காது. எல்லா ரன்னுக்கும் அடியில் ஒரே கருத்துத்தான் கிடக்கிறது: ஒன்று நிற்காமல், ஒரு வழியில், போய்க்கொண்டே இருக்கிறது. கால் போகிறது, தண்ணீர் போகிறது, மெஷின் போகிறது, வியாபாரம் போகிறது, வீதி போகிறது, காலம் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வசனத்தைப் பார்த்தால் புதிய ரன் வந்தாலும் தொண்ணூறு வீதம் பிடிபடும்.

பார்க்கும்போது மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் எழுவாய்: ரன் ஆவது ஆளா, தண்ணீரா, மெஷினா? அப்புறம் ரன்னுக்கு நேரே பின்னால் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். "ஷீ ரன்ஸ்" என்றால் அவள் ஓடுகிறாள், "ஷீ ரன்ஸ் எ பேக்கரி" என்றால் அவள் பேக்கரி நடத்துகிறாள். ஒரு சொல் சேர்ந்ததும் ஓட்டம் நடத்துவதாகிவிட்டது. மூன்றாவது, அவுட், இன்டு, ஓவர், அவே மாதிரி ஒரு சின்னச் சொல் ஒட்டியிருக்கிறதா? ஒட்டியிருந்தால் அதை ரன்னோடு சேர்த்து ஒரே சொல்லாக வாசிக்கவேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்று இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் தொடும்.

இறந்த காலம் ரான், அப்ப "ஹாஸ் ரான்" எண்டு எழுதினதுக்கு ஏன் பிழை போட்டீங்க?

ரன், ரான், ரன். மூன்றாவது வடிவம் முதலாவதுக்கே திரும்பி வந்துவிடும். கம், கேம், கம் போல. ஆகவே "ஹீ ரான் ஹோம்" சரி, "ஹீ ஹாஸ் ரன் ஹோம்" சரி, "ஹாஸ் ரான்" பிழை. ரன்னிங் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது "என்" (n) என்ற எழுத்து இரண்டு வரும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

தண்ணிக்கு ஃப்ளோ எண்டுதானே வரும்? ரன்னும் போடலாமா?

போடலாம். தண்ணீர் ஓடுவது ரன்னுக்குப் பிற்காலத்தில் ஒட்டிய பொருள் இல்லை. கால் ஓட்டத்தைப் போலவே பழையது. பழைய ஆங்கிலத்தில் இருந்த ரின்னன் என்ற வடிவம் நீர் ஓடுவதையும் குறித்தது. அதன் உறவுச் சொல்லான ஜேர்மன் ரின்னென் இன்றைக்கும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. "த ரிவர் ரன்ஸ் இன்டு த சீ" என்பது எல்லோரும் கதைக்கிற ஆங்கிலம். ஃப்ளோ கொஞ்சம் பாடப்புத்தக வாசனை உள்ள சொல், விஞ்ஞானப் பாடத்துக்குப் பொருத்தம். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகாதே என்று சொல்ல "டோன்ட் லீவ் த டப் ரன்னிங்" என்பார்கள். அந்த இடத்தில் ஃப்ளோயிங் போட்டால் காதுக்கு உறுத்தும். தடிமன் பிடித்தால் "மை நோஸ் இஸ் ரன்னிங்". எங்களுடைய "மூக்கு ஓடுது" அப்படியே பொருந்துகிற இடம் அது.

எங்கட உம்மா மருதமுனையில சாரன் வாங்கினா. லேபல்ல "கலர்ஸ் மே ரன்" எண்டு இருக்கு. கலர் எங்க ஓடுறது?

பக்கத்துத் துணிக்கு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் வாளிக்குள்ளேயே விடை கிடக்கிறது. சிவப்புக் கரை வைத்த புதுச் சாரனைப் பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டோடு ஒரே வாளியில் ஊறப்போட்டால், முதலில் தண்ணீர் ரோஸ் நிறமாகும், மறுகா சேர்ட்டின் கொலரும் கைமடிப்பும் ரோஸ் நிறமாகும். சாயம் இருந்த இடத்தை விட்டுத் தண்ணீரோடு போய் வேறு இடத்தில் ஏறியிருக்கிறது. அதுதான் ரன். போன பதிலில் சொன்ன தண்ணீர் ஓட்டத்தின் பிள்ளைதான் இது.

இதோடு குழப்பக்கூடாத சொல் ஃபேட். வெயிலில் காயப்போட்டுக் காயப்போட்டு நீலச் சாரன் வெளிறிப்போனால் அது ஃபேட். அங்கே நிறம் குறைகிறது, வேறெங்கும் போய் ஒட்டவில்லை. நாங்கள் இரண்டுக்கும் "சாயம் போயிட்டு" என்று சொல்லிவிடுவதால் எழுதும்போது பிள்ளைகள் மாற்றிப் போடுகிறார்கள். நல்ல நெசவுக்காரர் சாயத்தைச் சோதிக்க ஈரமான வெள்ளைத் துணித்துண்டால் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பார். வெள்ளையில் நிறம் ஏறினால் "த டை ரன்ஸ்".

வீதிக்குக் கால் இல்ல, களப்புக்கும் கால் இல்ல. அதுக்கு ஏன் ரன்?

நீண்டு கிடக்கிற எதையும் பார்க்கும்போது எங்கள் கண் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போகிறது. அந்தப் போக்கைத்தான் ஆங்கிலம் ரன் என்கிறது. மட்டக்களப்புக் களப்பு தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதைச் சொல்ல "த லகூன் ரன்ஸ் ஃபோர் ஃபிஃப்டி சிக்ஸ் கிலோமீற்றர்ஸ்" என்று எழுதலாம். கொழும்பில் இருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதிக்கும் "த ரோட் ரன்ஸ் அலோங் த கோஸ்ட்" என்று போடலாம், கடலோரமாய்ப் போகும் பகுதியைச் சொல்லும்போது. வேலி, மதில், மின்கம்பி, காயத்தின் தழும்பு எல்லாவற்றுக்கும் இதே மாதிரி.

இங்கே ஒரு கட்டாயம்: ரன்ஸ் என்றே எழுதுங்கள், "இஸ் ரன்னிங்" வேண்டாம். வீதி நேற்றும் அங்கேதான், நாளையும் அங்கேதான். மாறாமல் இருக்கிற விஷயத்துக்குச் சாதாரண நிகழ்காலம். எக்ஸ்டென்ட், ஸ்ட்ரெச் இரண்டும் இந்தப் பொருளுக்கு நல்ல மாற்றுச் சொற்கள். பரந்து கிடக்கிற வயல்வெளிக்கு ரன் பொருந்தாது, ஸ்ட்ரெச் பொருந்தும். ரன்னுக்கு ஒரு கோடு வேண்டும்.

"மை ஃபாதர் ரன்ஸ் எ லொறி" எண்டு எழுதினன். எங்கட அப்பா லொறிதானே ஓடுறார்? இதுல என்ன பிழை?

இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே உள்ள பிழை. தமிழ்நாட்டில் வண்டியை "ஓட்டுவார்கள்". நாங்கள் பெரும்பாலும் "ஓடுவோம்": "உனக்குக் கார் ஓடத் தெரியுமா?", "மாமா பஸ் ஓடுறார்", "சைக்கிள் ஓடிப் பழகு", "தோணி ஓடுறவர்". எங்கள் வாயில் ஓடுவது வாகனமும்தான், அதைச் செலுத்துகிற ஆளும்தான். அந்தப் பழக்கத்தில் ரன் என்று எழுதினால் ஆங்கிலக்காரருக்கு வேறு அர்த்தம் போகும். "ஹீ ரன்ஸ் எ லொறி" என்றால் அவர் ஒரு லொறியை வைத்து வேலைக்கு விடுகிறார், செலவு வரவு பார்க்கிறார் என்று விளங்கும். சாரதி ஆசனத்தில் வேறு ஆளும் இருக்கலாம்.

கையில் ஸ்டியரிங் பிடித்தால் ட்ரைவ். சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ரைட், ஏனென்றால் ஏறிக் காலைப் போட்டு உட்காருகிறோம். தோணியைத் துடுப்பால் வலித்தால் ரோ, பாய் விரித்தால் செய்ல். ஆகவே "மை ஃபாதர் ட்ரைவ்ஸ் எ லொறி". அப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு லொறி இருந்து, ட்ரைவர் வைத்துத் தொழில் நடத்தினால் மட்டும் "மை ஃபாதர் ரன்ஸ் டூ லொறிஸ்".

நேர்முகப் பரீட்சைக்குப் போகிற தம்பிமாருக்கு இதை விசேடமாகச் சொல்கிறேன். "ஐ கேன் ரன் ஹெவி வெஹிக்கிள்ஸ்" என்று சொன்னால், கேட்கிறவர் வாகனப் பகுதியை நிர்வகித்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்களிடம் இருப்பது அனுமதிப்பத்திரமும் அனுபவமும் என்றால் ட்ரைவ் என்றே சொல்லுங்கள்.

அப்ப பஸ்ஸுக்கு எப்பிடி ரன் வரும்? நேற்று நீங்கதானே "த பஸ் ரன்ஸ்" எண்டு எழுதினீங்க?

எழுவாய் பஸ் என்பதால். சேவை நடக்கிறது என்பது பொருள். "த பஸ் ரன்ஸ் எவ்ரி ஹாஃப் அவர்" என்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ். "உதயதேவி ரன்ஸ் பிட்வீன் கொழும்பு ஃபோர்ட் அன்ட் பற்றிக்கலோ" என்றால் அந்த ரயில் இந்த இரண்டு இடத்துக்கும் இடையில் சேவையில் இருக்கிறது. "ரன்னிங் லேட்" என்றால் பிந்தி வருகிறது. ஆளுக்கும் அதைச் சொல்லலாம்: "சொரி, ஐம் ரன்னிங் லேட்" என்று வட்ஸ்அப்பில் போட்டால் நீங்கள் மூச்சுவாங்க ஓடுகிறீர்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள், பிந்துகிறீர்கள் என்று விளங்கும்.

டீச்சர், நான் வீட்டில பலகாரம் செய்து விக்கிறன். என்ர வேலையை ரன் எண்டு சொல்றதா, மனேஜ் எண்டு சொல்றதா, ஓன் எண்டு சொல்றதா?

அக்கா, உங்களுக்கு ரன்தான் சரி. "ஐ ரன் எ ஸ்மோல் ஃபூட் பிஸ்னஸ் ஃப்ரம் ஹோம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். சாமான் வாங்குவது, சுடுவது, கடைகளுக்குக் கொடுப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் நீங்கள். இந்த முழு ஓட்டமும் ஒருவர் கையில் இருக்கும்போது ரன்.

ஓன் என்பது உரிமையை மட்டும் சொல்லும். கடை ஒருவர் பெயரில் இருக்கலாம், அவர் கட்டாரில் இருக்கலாம். அவர் ஓன் பண்ணுகிறார், ஊரில் இருக்கிற தம்பி ரன் பண்ணுகிறார். மனேஜ் என்றால் இன்னொருவருடைய நிறுவனத்தில் பொறுப்பாக இருப்பது போன்ற சாயல் வரும், மனேஜர் என்ற பதவியை வைத்துப் பாருங்கள். ஒப்பரேட் மெஷினுக்கும் பெரிய கம்பனிக்கும் அரச கடிதங்களுக்கும் பொருந்தும். "ஒப்பரேட் எ ரைஸ் மில்" என்று விண்ணப்பப் படிவத்தில் எழுதலாம். கண்டக்ட் கூட்டத்துக்கும் வகுப்புக்கும் பரீட்சைக்கும் வரும். வகுப்பு நடத்துவதற்கு ரன்னும் சொல்லலாம், ஆனால் பரீட்சை நடத்துவதற்குக் கண்டக்ட், ஹோல்ட் இரண்டும்தான் நல்லது.

கடன் விண்ணப்பத்தில் மட்டும் ஓன் அன்ட் ரன் என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். உரிமையும் உங்களுடையது, உழைப்பும் உங்களுடையது என்று ஒரே வசனத்தில் பதிவாகும். வீட்டில் தொழில் செய்கிற பெண்கள் "நான் சும்மா வீட்டில" என்று சொல்லிவிட்டு நிற்பதைக் கேட்கும்போது எனக்குப் பொறுக்காது.

ரன் அவுட் எண்டா கிரிக்கெட்தானே? பெற்றோலுக்கு எப்பிடி ரன் அவுட் வரும்?

கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்கப் போய் ஆட்டமிழப்பது ரன் அவுட். வெளியில், ஒன்று முடிந்து தீர்ந்துபோவது ரன் அவுட். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற யாருக்கும் இந்தப் பொருளை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஷெட் வாசலில் மட்டையில் எழுதித் தொங்கவிட்ட "நோ பெற்றோல்" என்பதன் முழு வசனம் "வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் பெற்றோல்".

எழுதும்போது இரண்டு வழி. ஆள் எழுவாயானால் ஒஃப் கட்டாயம்: "வீ ரான் அவுட் ஒஃப் பெற்றோல்". பொருள் எழுவாயானால் ஒஃப் வராது: "த பெற்றோல் ரான் அவுட்". பிள்ளைகள் எழுதுகிற "பெற்றோல் இஸ் ரன் அவுட்" இரண்டிலும் சேராது, அது பிழை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, முடியப் போகிறது என்றால் "வீ ஆர் ரன்னிங் அவுட்". முழுதாக முடிந்துவிட்டால் "வீ ஹாவ் ரன் அவுட்". இந்த வித்தியாசத்தில்தான் மற்றவர் உடனே கடைக்குப் போவாரா, நாளைக்குப் போவாரா என்பது இருக்கிறது.

"த வெல் ரன்ஸ் ட்ரை" எண்டு ஒரு பாடத்துல வந்திச்சு. காய்ஞ்ச கிணறு என்னெண்டு ஓடும்?

இங்கே ரன் என்பது ஆகிவிடுவது, பிகம். ட்ரை, லோ, ஷோர்ட், வைல்ட் மாதிரிச் சில பெயரடைகளோடு மட்டும் இப்படி வரும். ஆவணியில் மழை இல்லாமல் கிணறு வற்றினால் "த வெல் ஹாஸ் ரன் ட்ரை". அரிசி குறைந்துகொண்டு வந்தால் "த ரைஸ் இஸ் ரன்னிங் லோ". ரன்னிங் அவுட்டுக்கு ஒரு படி முன்னால் நிற்பது ரன்னிங் லோ. விரும்பின பெயரடையையெல்லாம் சேர்க்க ஏலாது. "ரன் ஹாப்பி" என்று ஒன்று இல்லை.

ரோட்டுல டீச்சரைக் கண்டத "ஐ ரான் ஓவர் மை டீச்சர்" எண்டு எழுதினன். ஏன் மிஸ் எல்லாரும் பயந்தாங்க?

நீங்கள் வாகனத்தை டீச்சரின் மேல் ஏற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரன் ஓவர் என்றால் வாகனம் மேலே ஏறுவது. எதிர்பாராமல் சந்திப்பது ரன் இன்டு: "ஐ ரான் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கட்". ஆனால் எழுவாய் வாகனமாக இருந்தால் அதே ரன் இன்டு மோதுவது ஆகிவிடும்: "த வேன் ரான் இன்டு எ வோல்". எழுவாயைப் பாருங்கள் என்று மூன்றாவது கேள்வியில் சொன்னது இதற்குத்தான். ஐயம் வந்தால் மீட் போடுங்கள், யாருக்கும் காயம் வராது.

ரன் அக்ரோஸும் தற்செயலாய்க் காண்பதுதான். ஆளை விட பழைய படம், கடிதம், பேப்பர்த் துண்டு மாதிரிப் பொருளுக்குக் கூடுதலாக வரும். ரன் த்ரூ என்றால் வேகமாக ஒருமுறை பார்த்து முடிப்பது: "லெட்ஸ் ரன் த்ரூ த லெசன்". ரன் அவே தப்பி ஓடுவது. ரன் அவே வித் என்றால் இன்னொருவரோடு ஓடிப்போவதும் ஆகலாம், ஒன்றைக் களவெடுத்துக்கொண்டு போவதும் ஆகலாம். பின்னால் வரும் பெயர்ச்சொல் ஆளா பொருளா என்று பார்த்தால் விளங்கும்.

தேர்தல் கேக்கிறதுக்கு ரன், ஸ்டாண்ட், கண்டெஸ்ட் மூணும் பாத்திருக்கிறன். எது சரி?

மூன்றும் சரி, நாடுதான் வேறு. அமெரிக்காவில் "ரன் ஃபோர் பிரசிடென்ட்". பிரித்தானியாவில் "ஸ்டாண்ட் ஃபோர் பார்லிமென்ட்". எங்கள் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் கூடுதலாகக் காண்பது கண்டெஸ்ட். கட்டுரை எழுதும்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

காய்ச்சலுக்கும் சீனி வருத்தத்துக்கும் ரன் போடுறாங்களே?

"ஷீ இஸ் ரன்னிங் எ ஃபீவர்" என்றால் அவளுக்குக் காய்ச்சல் காய்கிறது. "டயபிட்டீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபாமிலி" என்றால் எங்கள் குடும்பத்தில் தாத்தா, அம்மா என்று வழிவழியாகச் சீனி வருத்தம் இருக்கிறது. டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால் இந்த இரண்டாவது வசனம் மிகவும் உதவும், நேரே பாடமாக்கி வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை செய்வதற்கும் வரும்: "த டொக்டர் ரான் சம் டெஸ்ட்ஸ்".

கட்டுரையில ரன்னுக்குப் பதிலா பெரிய சொல் போட்டா புள்ளி கூடுமா?

பெரிய சொல்லுக்குப் புள்ளி இல்லை, பொருத்தமான சொல்லுக்குத்தான் புள்ளி. கால் ஓட்டத்தையே எடுங்கள். கல்லடிக் கடற்கரையில் காலையில் உடம்புக்காக மெதுவாக ஓடுகிறவர் ஜொக் பண்ணுகிறார். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓடுகிற பிள்ளை ஸ்பிரின்ட் பண்ணுகிறது. மழை தொடங்கியதும் கொடியில் கிடக்கிற உடுப்பை எடுக்க அம்மா ஓடுவது டாஷ். பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டுப் போவது ரஷ். வெள்ளம் வந்து, சண்டை வந்து, உயிரைக் காப்பாற்ற ஊரை விட்டு ஓடுவது ஃப்ளீ. கிழக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லின் கனம் தெரியும். ஒரு பொடியன் மாங்காய் பிடுங்கிவிட்டு ஓடியதை ஃப்ளீ என்று எழுதினால் சொல் வசனத்துக்கு மேலே நிற்கும்.

இந்த ஒவ்வொரு சொல்லிலும் ரன்னோடு இன்னொரு செய்தியும் இருக்கிறது: எவ்வளவு வேகம், என்ன நோக்கம், என்ன மனநிலை. அந்தச் செய்தி உங்கள் கதைக்குத் தேவை என்றால் மாற்றுங்கள். தேவை இல்லை என்றால் ரன்னே போதும். மெஷினுக்கு ஃபங்ஷன், வேர்க், காலத்துக்கு லாஸ்ட். "த கோர்ஸ் ரன்ஸ் ஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்" என்பதில் ரன்ஸை எடுத்து லாஸ்ட்ஸ் போட்டாலும் பொருள் மாறாது. இப்படி மாற்றிப் பார்த்துப் பழகுவதுதான் ஒத்தகருத்துச் சொல் படிக்கிற வழி. பட்டியலை மட்டும் பார்த்து மாற்றினால் "மை நோஸ் இஸ் ஸ்பிரின்டிங்" வரைக்கும் போகும்.

அகராதியில பாத்தா பொருள் 1, 2, 3 எண்டு நீண்டு போகுது. எதை எடுக்கிறது?

முதலாவதை எடுத்துக்கொண்டு ஓடிவராதீர்கள். பொருளை விட்டுவிட்டு முதலில் உதாரண வசனங்களை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். உங்கள் வசனத்தில் உள்ள எழுவாயைப் போன்ற எழுவாய் எதில் வருகிறதோ, அந்த இலக்கத்தில் நில்லுங்கள். உங்களுடைய வசனம் தண்ணீரைப் பற்றியது என்றால் தண்ணீர் உதாரணம், கடை என்றால் கடை உதாரணம். அவுட், இன்டு ஒட்டியிருந்தால் அவை பெரும்பாலும் பதிவின் கடைசிப் பகுதியில் தனியாக இருக்கும், அங்கே போய்த் தேடவேண்டும். போனில் பார்க்கிறவர்கள் அந்தக் கடைசிப் பகுதிக்கு இறங்குவதே இல்லை.

கடைசியா ஒண்டு மிஸ். நாங்க ஓடு எண்டு சொல்ற எல்லா இடத்துலயும் ரன் போடலாமா?

ஏலாது. சில இடத்தில் அப்படியே பொருந்தும். "படம் 100 நாள் ஓடிச்சு" என்பதற்கு "த ஃபில்ம் ரான் ஃபோர் எ ஹண்ட்ரட் டேய்ஸ்" சரி. "எஞ்சின் ஓடுது" என்பதற்கும் ரன்னிங் சரி. "டீவி ஓடுது" என்று சொல்ல நினைத்தால் "த டீவி இஸ் ஒன்". "பாட்டு ஓடுது" என்றால் "எ சோங் இஸ் பிளேயிங்". "மணிக்கூடு ஓடல்ல" என்றால் "த க்ளொக் ஹாஸ் ஸ்டொப்ட்" என்பதே இயல்பு.

எல்லாவற்றிலும் பொல்லாதது பரீட்சைத் தாளைப் பார்த்ததும் வருகிற "எனக்கு ஒண்டும் ஓடுதில்ல". ஒரு பிள்ளை அதை "நத்திங் இஸ் ரன்னிங் டு மீ" என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் ஓட்டம் இல்லை, வெறுமைதான்: "மை மைன்ட் வென்ட் ப்ளாங்க்". "இது என்ர மூளைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்பதற்கு மட்டும் ரன் திரும்ப வரும்: "இட் கீப்ஸ் ரன்னிங் த்ரூ மை மைன்ட்". பாட்டு ஒன்று மனதை விட்டுப் போகாமல் இருந்தாலும் இதே வசனம், நாளைய பரீட்சையை நினைத்து நித்திரை வராமல் இருந்தாலும் இதே வசனம்.